உடம்பு மறந்த சிகரெட்: ஒரு மூளைக்காயம் அடிமைப் பழக்கத்தைப் பற்றிச் சொன்னது

14 வயதில் தொட்ட பழக்கம். ஸ்ட்ரோக் வந்தபோது ஒரு நாளைக்கு 40 சிகரெட்டுக்கு மேல் புகைத்துக்கொண்டிருந்தார், அதுவும் ஃபில்டர் இல்லாத ரகம். ரசித்துப் புகைத்த மனிதர். விட வேண்டும் என்ற யோசனையே அவருக்கு இருந்ததில்லை. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை. ஏன் விட்டீர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டபோது, தான் சிகரெட் பிடிக்கிறவன் என்பதே மறந்துபோய்விட்டது என்றார். மேலும் கேட்கவும் விளக்கினார்: பிடித்துக்கொண்டிருந்தது நன்றாக நினைவிருக்கிறது, பிடிக்க வேண்டும் என்ற உந்துதலைத்தான் தன் உடம்பு மறந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் வெளியே போய்ப் புகைத்துவிட்டு வர அவருக்கு வழி இருந்தது. போகவில்லை. இவ்வளவு புகைத்தவர் சும்மா கிடக்கிறாரே என்று மனைவிக்கே ஆச்சரியம். அதே அறையில் இருந்த இன்னொரு நோயாளி அடிக்கடி வெளியே போய்ப் புகைத்துவிட்டு வருவார். அவர் மேல் அடித்த வாடை தாங்க முடியாமல், எனக்கு வேறு அறை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார் நம் மனிதர். கனவில் சிகரெட் பிடிப்பது முன்பெல்லாம் சுகமாக இருக்கும், இப்போது கனவில் வந்தால்கூட அருவருப்பாக இருக்கிறது என்றும் தானாகவே சொன்னார். ஸ்ட்ரோக் வந்ததற்குச் சிகரெட்டும் ஒரு காரணம் என்று பின்னாளில் அவரே நம்பினார். ஆனால் அந்தப் பயத்தில் விட்டதாக அவர் சொல்லவில்லை. விட முயற்சி செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. ஆசை தானாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இவரைப் பற்றிய ஆய்வு 2007 ஜனவரி 26 அன்று 'சயின்ஸ்' இதழில் வந்தது. நசீர் நக்வி, டேவிட் ருட்ராஃப், ஹன்னா டமாசியோ, அந்துவான் பெஷாரா ஆகிய நால்வர் எழுதியது. கட்டுரையில் நோயாளிக்குப் பெயர் இல்லை, ஓர் ஆங்கில எழுத்து மட்டும். ஸ்ட்ரோக்கில் அவருக்குச் சேதமான இடம் இன்சுலா. மூளையின் பக்கவாட்டில் ஆழமான ஒரு பிளவு ஓடுகிறது. நெற்றிப்பக்க மடிப்பும் பொட்டுப்பக்க மடிப்பும் சேர்ந்து அந்தப் பிளவை மூடியிருக்கும். அவற்றை விலக்கிப் பார்த்தால்தான் உள்ளே இன்சுலா தெரியும்.

அடிமைப் பழக்கம் பற்றிய மூளைப் பட ஆய்வுகளில் இதுவரை வந்தவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஒரு நோயாளியின் கதைதான். இதைவிடப் பெரிய கருவிகளோடும், அழகான வண்ணப் படங்களோடும் வந்த ஆய்வுகள் ஏராளம். ஆனால் இங்கே திருப்பத்தைக் கொண்டுவந்தது ஸ்கேன் மட்டும் அல்ல. ஒருவர் உட்கார்ந்து, விட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டதும், இன்னொருவர் அதற்குச் சொன்ன பதிலும்தான்.

அதற்கு முன் படங்கள் சொன்னவை

1980களின் கடைசியிலிருந்தே போதை அடிமைகளின் மூளையைப் படம் பிடிப்பது சூடு பிடித்துவிட்டது. அதில் முன்னோடி நோரா வோல்கோவ். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் அவர் குழு பெட் ஸ்கேனை வைத்து வேலை செய்தது. இதில் பரவலாகப் பயன்பட்ட ஒரு முறை: ராக்லோபிரைட் என்ற மருந்தில் கதிரியக்கக் கார்பன்-11ஐ ஒட்டி ரத்தத்தில் செலுத்துவார்கள். டோபமின் என்பது இன்பத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புள்ள மூளை ரசாயனம்; அந்த மருந்து மூளைக்குள் போய், டோபமினைப் பிடித்துக்கொள்ளும் டி2 ஏற்பிகளில் உட்காரும். எங்கே எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கருவி எண்ணிவிடும். கார்பன்-11க்கு அரை ஆயுள் 20 நிமிடம்தான். தயாரித்த கையோடு ஊசி போட்டாக வேண்டும் என்பதால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரானும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் உலகத்தில் மிகச் சில இடங்களால்தான் இதைச் செய்ய முடிந்தது.

1993இல் வோல்கோவ் குழு வெளியிட்ட முடிவு இது. கொகெய்ன் அடிமைகளின் மூளையில் டி2 ஏற்பிகள் குறைவாகத் தெரிந்தன. கொகெய்னை நிறுத்திச் சில மாதங்கள் ஆன பிறகும் அப்படியே. நெற்றிப்பக்க மூளையின் இயக்கமும் சேர்ந்தே மந்தமாக இருந்தது. பின்னர் சாராயம், ஹெராயின், மெத்தம்ஃபெட்டமின் என்று ஒவ்வொன்றிலும் இதே போக்கு தெரிந்தது. 'இது ஒழுக்கக்கேடு அல்ல, மூளை நோய்' என்ற வாதத்துக்குக் கண்ணால் காணும் ஆதாரம் கிடைத்தது. அந்தப் படங்கள் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். குடிகாரன் என்று ஒதுக்கப்பட்ட எத்தனையோ பேரை மருத்துவமனை வாசல் வரை கொண்டுவந்து சேர்த்த வாதம் அது.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் அதில் இருந்தது. ஏற்பி குறைந்ததால் இவர் அடிமையானாரா, அடிமையானதால் ஏற்பி குறைந்ததா? படத்தைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 1999இல் வோல்கோவ் குழுவே, போதைப் பழக்கம் எதுவும் இல்லாத ஆண்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. டி2 குறைவாக இருந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது. அதிகமாக இருந்தவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. அப்படியென்றால் குறை முன்கூட்டியே இருப்பதுபோல் தோன்றுகிறது.

2002இல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் குரங்குகளை வைத்து நடந்த சோதனை இதை இன்னும் சுவாரசியமாக்கியது. தனித்தனிக் கூண்டில் இருந்த குரங்குகளைக் கூட்டமாக ஒன்றாக விட்டார்கள். கூட்டத்தில் தலைமைக்கு வந்த குரங்குகளுக்கு டி2 அளவு ஏறியது, அடங்கிப்போன குரங்குகளுக்கு ஏறவில்லை. அப்புறம் கொகெய்னைத் தானாக எடுத்துக்கொள்ள வசதி செய்து கொடுத்தபோது, தலைமைக் குரங்குகள் அதில் அவ்வளவு நாட்டம் காட்டவில்லை. ஆக, பிறவியில் வந்ததும் உண்டு, வாழும் சூழல் மாற்றுவதும் உண்டு, போதைப்பொருள் கெடுப்பதும் உண்டு. மூன்றும் ஒரே படத்தில் ஒரே நிறத்தில்தான் தெரியும்.

இன்னொரு வகை ஆய்வும் இதே காலத்தில் நடந்தது. அடிமைகளிடம் கொகெய்ன் எடுக்கும் சாமான்களையோ வீடியோவையோ காட்டி ஏக்கத்தைக் கிளப்பிவிடுவது, அந்த நேரத்தில் மூளையில் எது விழிக்கிறது என்று படம் பிடிப்பது. அமிக்டலா வந்தது, முன் சிங்குலேட் வந்தது, நெற்றிப்பக்கம் வந்தது. இன்சுலாவும் அடிக்கடி வந்தது. அதைப் பட்டியலில் போட்டார்கள், பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. டோபமின்தான் அன்றைக்குக் கதாநாயகன். ஏக்கம் வரும்போது இன்சுலா விழிக்கிறது என்றால், இன்சுலா இல்லாமல் ஏக்கம் வராது என்று ஆகிவிடாது. சும்மா கூடவே ஓடிக்கொண்டிருக்கலாம்.

சேதமான மூளையிடம் கேட்பது

ஒரு பகுதி இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பது நரம்பியலின் மிகப் பழைய வழி. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, பேச்சிழந்த நோயாளியின் மூளையைப் பிரேதப் பரிசோதனையில் பார்த்து, பேச்சுக்கு இடது நெற்றிப்பக்கத்தில் ஓர் இடம் தேவை என்று சொன்னது இந்த வழியில்தான். அந்தக் காலத்தில் நோயாளி இறக்கும் வரை காத்திருக்க வேண்டும். சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் வந்த பிறகு, உயிரோடு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரின் காயத்தையே பார்க்கலாம் என்றாயிற்று.

ஐயோவா பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ டமாசியோவும் ஹன்னா டமாசியோவும் இப்படிப்பட்ட நோயாளிகளின் பதிவேடு ஒன்றைப் பல ஆண்டுகளாக வளர்த்து வைத்திருந்தார்கள். ஸ்ட்ரோக், கட்டி, அறுவை சிகிச்சை என்று மூளையின் ஏதோ ஓர் இடத்தில் மட்டும் சேதமானவர்கள், திரும்பத் திரும்ப வந்து சோதனைகளில் பங்கெடுப்பவர்கள். ஹன்னா டமாசியோவின் கைவேலை இதில் பெரிது. ஒவ்வொருவர் ஸ்கேனிலும் காயத்தின் எல்லையை ஒவ்வொரு வெட்டுப் படமாகப் பார்த்துக் கையால் வரைந்து, ஒரு பொது மாதிரி மூளையின் மேல் ஏற்றுவது. காயம் எங்கே முடிகிறது, நல்ல திசு எங்கே ஆரம்பிக்கிறது என்று தீர்மானிக்க மூளையின் மடிப்புகள் அத்தனையும் தெரிந்த கண் வேண்டும். அப்படி எல்லாரையும் ஒரே மூளையில் ஏற்றிவிட்டால், இந்த இடம் சேதமானவர்கள் யார் யார் என்று பிரித்தெடுக்கலாம்.

அந்த நோயாளியின் பேச்சு கொடுத்த தூண்டுதலில் பதிவேட்டைத் துழாவினார்கள். காயம் பட்ட சமயத்தில் புகைப்பழக்கம் இருந்தவர்கள், அதாவது ஒரு நாளைக்கு 5 சிகரெட்டுக்கு மேல் என்று 2 ஆண்டுகளுக்கு மேலாகப் புகைத்துவந்தவர்கள் 69 பேர் தேறினார்கள். அதில் 19 பேருக்கு இன்சுலா சேதம். மீதி 50 பேருக்குச் சேதம் வேறு இடங்களில்.

இந்தக் கணக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்சுலா சேதமான 19 பேரில் 13 பேர் காயத்துக்குப் பிறகு சிகரெட்டை விட்டிருந்தார்கள். மற்ற 50 பேரில் விட்டவர்கள் 19 பேர். 68 சதவீதம், 38 சதவீதம். வித்தியாசம் இருப்பதுபோல் தெரிகிறது. ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் வரலாம். புள்ளியியல் சோதனையில் இது உறுதியாகத் தேறவில்லை. இத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டுரையே கிடையாது.

ஸ்ட்ரோக் வந்தவர்கள் சிகரெட்டை விடுவதில் அதிசயம் என்ன? டாக்டர் மிரட்டுவார், வீட்டில் அழுவார்கள், சாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்த பயம் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு விடுகிறவரும் 'விட்டவர்' கணக்கில்தான் வருவார், ஆசையே இல்லாமல் போனவரும் அதே கணக்கில்தான். இருவரையும் எண்ணிக்கையில் ஒன்றாகப் போட்டால் எதுவும் தெரியாது. அதனால் குழு இன்னொரு வரையறை வைத்தது. காயம் பட்ட ஒரு நாளுக்குள் விட்டிருக்க வேண்டும். விடுவது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் கேட்டால் 3க்குக் கீழே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒருமுறையும் திரும்பத் தொடங்கியிருக்கக் கூடாது. புகைக்க வேண்டும் என்ற தவிப்பு பிறகு வந்திருக்கவே கூடாது. நான்கும் பொருந்தினால்தான் அடிமைத்தனமே அறுந்துவிட்டதாகக் கொள்வார்கள்.

இப்போது எண்ணினார்கள். இன்சுலா சேதமாகி, சிகரெட்டை விட்டிருந்த 13 பேரில் 12 பேருக்கு நான்கும் பொருந்தின. வேறு இடம் சேதமாகி, சிகரெட்டை விட்டிருந்த 19 பேரில் 4 பேருக்கு மட்டுமே. இது தற்செயலாக வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

நான்கு அளவுகோல்களில் இரண்டு, நோயாளி வாயைத் திறந்து சொன்னால் ஒழிய யாருக்கும் தெரியாதவை: எவ்வளவு கஷ்டமாக இருந்தது, தவிப்பு வந்ததா. ரத்தத்தில் நிகோட்டின் இருக்கிறதா என்று சோதிக்கலாம், மூச்சில் கார்பன் மோனாக்சைடை அளக்கலாம். அந்தச் சோதனைகள் பல்லைக் கடித்தவரையும் மறந்தே போனவரையும் ஒன்றாகத்தான் காட்டும். மூளைப் படத்தில் இருந்த உண்மை, அந்தப் பேச்சோடு சேர்த்து வைத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மூளைப் பட ஆய்வுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வருத்தம். செய்தித்தாள்கள் 'சிகரெட் ஆசைக்கான இடம் கண்டுபிடிப்பு' என்று போட்டுவிட்டு நகர்ந்தன.

ஏன் இன்சுலா?

உடம்புக்குள் நடப்பதை உணர்வது இன்சுலாவின் முக்கிய வேலை. நெஞ்சு படபடப்பது, வயிறு புரட்டுவது, தாகம், மூச்சுமுட்டல், அரிப்பு, நாக்கில் ருசி என உள்ளிருந்து வரும் சேதிகள் அங்கே வந்து சேர்கின்றன. இப்போது எனக்கு எப்படி இருக்கிறது என்ற உணர்வாக அவை அங்கேதான் திரள்கின்றன என்பது பலருடைய கருத்து.

சிகரெட்டை வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். புகைப்பவர்களுக்கு நிகோட்டின் மட்டும் போதாது. முதல் இழுப்பில் தொண்டையில் ஒரு காரல், நெஞ்சில் ஒரு நிறைவு, அதுவும் வேண்டும். ஜெட் ரோஸ் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைச் சோதித்தார். தொண்டையையும் மூச்சுக்குழாயையும் மரத்துப்போக வைத்துவிட்டுப் புகைக்கச் சொன்னால், அதே நிகோட்டின் உள்ளே போனாலும் திருப்தி குறைந்தது. தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையைப் போட்டுக்கொண்டவர்கள் 'உடம்புக்குச் சரி, ஆனா என்னவோ குறையுது' என்று சொல்வது இதனால்தான். பட்டை நிகோட்டினைக் கொடுக்கிறது. தொண்டையின் காரலைக் கொடுப்பதில்லை. அந்தக் காரலின் நினைவைச் சுமப்பதும், அது மறுபடி வேண்டும் என்று உடம்பு வழியாகக் கேட்பதும் இன்சுலா என்றால், அது போன பிறகு கேட்க ஆளில்லை. உடம்பு மறந்துவிட்டது என்று அந்த நோயாளி சொன்னது வெறும் பேச்சு அல்ல, கிட்டத்தட்ட உடற்கூறு விளக்கமே.

சாப்பாட்டு ஆசை போய்விட்டதா என்றும் பார்த்திருக்கிறார்கள். அது போகவில்லை. பசியும் ருசியும் அப்படியே இருக்க, கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தின் தவிப்பு மட்டும் உதிர்ந்திருந்தது.

அதே 2007 அக்டோபரில் சிலி நாட்டின் சாந்தியாகோவிலிருந்து ஓர் எலி ஆய்வு வந்தது. ஆம்பெட்டமின் என்ற ஊக்க மருந்துக்குப் பழக்கப்பட்ட எலிகள், அது கிடைத்த கூண்டுப்பகுதியையே சுற்றிச் சுற்றி வரும். இன்சுலாவில் லிடோகெய்ன் ஊசி போட்டுத் தற்காலிகமாக மரத்துப்போக வைத்தபோது அந்த நாட்டம் போய்விட்டது. மருந்து தெளிந்ததும் திரும்பி வந்தது. மனிதர்களில் யாரும் வேண்டுமென்றே செய்ய முடியாத சோதனை அது.

எதிர்ப்பக்கம்

ஐயோவா ஆய்வின் பெரிய ஓட்டை, அது பழைய நினைவை நம்பியது. விட்ட அந்த வாரத்தில் யாரும் கேட்கவில்லை, காலம் கடந்துதான் கேட்டார்கள். சுலபமாகத்தான் விட்டேன் என்று பின்னாளில் சொல்கிறவர், அன்றைக்கு வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்திருக்கலாம். இன்னொன்று, இன்சுலாவுக்கு ரத்தம் கொண்டுபோகும் நடு மூளைத் தமனியில் அடைப்பு வந்தால் சேதம் இன்சுலாவோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள மடிப்புகளையும் சேர்த்தே கொண்டுபோகும். அப்படியானால் குற்றம் யாருடையது?

2010இல் போலந்தில் முதல் ஸ்ட்ரோக் வந்த நோயாளிகளை 3 மாதம் பின்தொடர்ந்தார்கள். இன்சுலா சேதம் புகையை விடுவதில் வித்தியாசம் எதையும் காட்டவில்லை. 2012இல் ஸ்பெயினின் கிரோனாவிலிருந்து வந்த ஓராண்டுத் தொடராய்வில் வித்தியாசம் தெரிந்தது. 2015இல் வந்தது நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் ஆய்வு. ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்த 156 புகைப்பவர்களை அங்கேயே பிடித்துப் பேசி, 3 மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள். இன்சுலா சேதமானவர்களில் 70 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 37 சதவீதம். நிகோட்டின் இல்லாமல் வரும் எரிச்சல், படபடப்பும் இன்சுலா சேதமானவர்களுக்குக் குறைவு. பழைய நினைவுக் குறை இதில் இல்லை. ஐயோவா கணக்குக்கு மிக அருகில் வந்த எண்கள் என்பதையும் கவனியுங்கள். போலந்து முடிவை ஒதுக்கிவிட முடியாது என்றாலும், சான்றின் பாரம் எந்தப் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கத்தி எடுத்தவர்கள்

'இந்த இடத்தைச் சிதைத்தால் அடிமைத்தனம் போகும்' என்று கேட்டதும் சிலருக்கு வேறு யோசனை வரும். இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. இந்த ஆய்வுக்கு முன்பே, வேறு இடங்களை வைத்து நடந்துமிருக்கிறது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1990களின் கடைசியில் ஹெராயின் அடிமைகள் 300க்கும் மேற்பட்டோருக்கு மண்டையில் துளை போட்டு, சிங்குலேட் பகுதியின் ஒரு சிறு துண்டைச் செயலிழக்கச் செய்தார்கள். 2002இல் அது நிறுத்தப்பட்டது. சீனாவில் பல மருத்துவமனைகள் நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் என்ற இன்ப மையத்தைச் சுட்டு அழித்தன. 2004 நவம்பரில் அந்நாட்டுச் சுகாதார அமைச்சகமே நிறுத்தச் சொன்னது. பின்னர் வந்த தொடராய்வுகளில், போதையை விட்டவர்கள் இருந்தார்கள். கூடவே நினைவு மங்கியவர்களும், எதிலும் பிடிப்பில்லாமல் போனவர்களும் இருந்தார்கள். ஏக்கத்தை அறுக்கப் போய் ஆர்வத்தையே அறுத்துவிட்டார்கள். மகன் திருந்தினால் போதும் என்று கையெழுத்துப் போட்ட குடும்பங்களை நினைத்தால் எனக்குக் கோபமும் வேதனையும்தான் வருகிறது.

ஐயோவா ஆய்வாளர்கள் அந்தத் திசையில் போகவில்லை. காயம் எதைத் தொட்டது என்று தெரிந்தால், காயப்படுத்தாமலே அதைத் தொடும் வழியைத் தேடலாம் என்பதே அவர்கள் காட்டிய பாதை.

ஓர் இடமா, ஓர் இணைப்பா?

அந்த நான்கு பேரை மறக்கக் கூடாது. இன்சுலா சேதமாகாமலே ஆசை அற்றுப்போன நால்வர். 2007இல் அவர்கள் கணக்கில் ஒரு மிச்சம் மட்டும். 2022 ஜூனில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த கட்டுரை, இப்படிப்பட்டவர்களுக்கும் விளக்கம் தேடியது. பின்லாந்தின் துர்க்கு நகரைச் சேர்ந்த யூஹோ யோட்சாவும், பாஸ்டனில் மைக்கேல் ஃபாக்ஸும் சேர்ந்து நடத்திய ஆய்வு. ஐயோவா, ரோச்செஸ்டர் நோயாளிகளின் பழைய ஸ்கேன்களையே எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் 129 பேர். அதில் 34 பேருக்குக் காயத்தோடு அடிமைத்தனம் உடனே போய்விட்டிருந்தது.

அந்த 34 காயங்களும் மூளையில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடந்தன. அடுத்துச் செய்ததுதான் புதுசு. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் செய்யாமல் சும்மா படுத்திருக்கும்போதும் மூளைப் பகுதிகளின் ரத்த ஓட்டம் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் பகுதிகள் தமக்குள் தொடர்பு கொண்டவை என்று கொள்ளலாம். ஆரோக்கியமான 1,000 பேரிடம் எடுத்த இப்படிப்பட்ட இணைப்பு வரைபடத்தில், ஒவ்வொரு நோயாளியின் காயத்தையும் வைத்துப் பார்த்தார்கள்: இந்த இடம் எதோடெல்லாம் பேசுகிறது? சிதறிக்கிடந்த காயங்கள் ஒரே சுற்றில் வந்து விழுந்தன. மேல் சிங்குலேட், பக்கவாட்டு நெற்றிப்பகுதி, இன்சுலா ஆகியவற்றோடு சேர்ந்து இயங்குபவை. நடு நெற்றிப்பகுதியோடும் பொட்டுப்பக்கத்தோடும் எதிராக இயங்குபவை. தெருவில் கரண்ட் போனால் கோளாறு கம்பத்திலும் இருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரிலும் இருக்கலாம், வீட்டுக்கு வரும் வயரிலும் இருக்கலாம். எங்கே அறுந்தாலும் விளக்கு அணைவது ஒன்றே. இன்சுலா அந்தச் சுற்றில் ஸ்ட்ரோக் அடிக்கடி தாக்கும் ஓர் இடம், அதனால் முதலில் கண்ணில் பட்டது.

புகையோடு மட்டும் நிற்கவில்லை. மூளைக்காயம் பட்ட வேறு 186 பேரிடம் சாராய அடிமையாகும் அபாயத்தை அளந்த தகவல் ஏற்கெனவே இருந்தது. அபாயம் குறைந்தவர்களின் காயங்களும் அதே சுற்றோடு ஒத்துப்போயின. நிகோட்டினும் சாராயமும் மூளையில் செய்யும் வேலை வேறு வேறு. அப்படியிருந்தும், விடுதலை கிடைத்த வழி ஒன்றாக இருக்கிறது.

காயத்தை இணைப்பு வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் இதே முறை, மாயத்தோற்றம், கைநடுக்கம், மனச்சோர்வு போன்றவற்றிலும் பயன்படுகிறது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பல ஆண்டு கைநடுக்கம் தானாக நின்றுபோன நோயாளிகள் உண்டு. அவர்களின் காயத்தை வைத்து நடுக்கத்தின் சுற்றைக் கண்டபோது, மூளைக்குள் மின்முனை வைத்து நடுக்கத்தை நிறுத்தும் சிகிச்சையில் பலன் தரும் இடத்தோடு அது பொருந்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவை எல்லாமே பலரைச் சேர்த்துப் பார்த்துக் கிடைத்தவை. ஒருவரைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்து 'இவர் அடிமை, இவர் இல்லை' என்றோ, 'இவர் மறுபடி குடிப்பார்' என்றோ சொல்லும் பரிசோதனை இன்றைய மருத்துவத்தில் இல்லை. வண்ணமயமான மூளைப் படத்தைக் காட்டி அடிமைத்தனத்தைக் கண்டறிந்து தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரோக் வந்தால் சிகரெட் தானாக விட்டுப்போகும் என்றும் யாரும் நினைத்துவிட வேண்டாம். இன்சுலா சேதமான 19 பேரிலேயே 6 பேர் புகைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சிகிச்சைக்கு வந்தது

காயப்படுத்தாமல் தொடும் வழிகளில் முதலில் அங்கீகாரம் பெற்றது காந்தத் தூண்டல். தலையில் ஹெல்மெட் போல ஒன்றை வைப்பார்கள். அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் நொடிக்குப் பல முறை காந்தத் துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு மண்டையைத் தாண்டி நரம்புகளில் மின்னோட்டத்தைக் கிளப்பும். வழக்கமான சுருள்கள் மேற்பரப்போடு நின்றுவிடும். எச்4 என்ற சுருள் இரண்டு பக்கத்திலும் பக்கவாட்டு நெற்றிப்பகுதியையும் அதற்கடியில் இருக்கும் இன்சுலாவையும் எட்டும்படி வடிவமைக்கப்பட்டது. 262 புகைப்பவர்களிடம் நடந்த சோதனையில், உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 19.4 சதவீதம் பேர் தொடர்ந்து 4 வாரம் புகையாமல் இருந்தார்கள். போலித் தூண்டல் பெற்றவர்களில் 8.7 சதவீதம். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி தந்தது.

இரண்டு மடங்குக்கு மேல் என்பது நல்ல செய்திதான். ஐந்தில் நான்கு பேர் விடவில்லை என்பதும் அதே கணக்குதான். இன்சுலா முழுக்கப் போனவருக்குக் கிடைத்தது, தினம் கொஞ்ச நேரம் காந்தத்தால் தட்டிவிட்டால் கிடைத்துவிடாது.

அந்தச் சிகிச்சை நடக்கும் விதத்தில் ஒரு விவரம் உண்டு. துடிப்பைத் தொடங்குமுன் நோயாளியிடம் சிகரெட் ஆசை மிகுதியாக வரும் தருணத்தை நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள், புகைப்பதை நினைவூட்டும் படங்களையும் காட்டுவார்கள். ஏக்கம் கிளம்பி, அந்தச் சுற்று விழித்திருக்கும்போது தூண்டினால்தான் பலன் என்பது அதன் அடிப்படை. ஏக்கம் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் அளப்பதில்லை. நோயாளியைத்தான் கேட்கிறார்கள், அவர் ஒரு மதிப்பெண் சொல்கிறார்.

2022 ஆய்வு தன் சுற்றோடு மிக நன்றாகப் பொருந்தும் மையங்களாக மூன்று இடங்களைச் சொன்னது: சிங்குலேட்டை ஒட்டிய மடிப்பு, இடது நெற்றிப்பக்கத்தில் இன்சுலாவை மூடியிருக்கும் பகுதி, நடு நெற்றியின் முன்முனை. கடைசியாகச் சொன்ன முன்முனை, எச்4 குறிவைக்கும் இடம் அல்ல. ஆனால் மண்டைக்கு அடியிலேயே இருப்பதால் சாதாரணக் காந்தச் சுருளே அதை எட்டிவிடும். அங்கே எவ்வளவு, எந்த வேகத்தில் தூண்டினால் தவிப்பு அடங்குகிறது என்று நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த சோதனைகள் கண்டாக வேண்டும்.